டேட்டா.டேபிள்: போடி ஏலக்காய்க் கணக்கில் பழகிப் பார்த்த ஒரு மதிப்பீடு

"நம்ம காய் அன்னன்னைக்குச் சராசரி விலையைவிடக் கூடப் போகுதா, குறையப் போகுதா? அதுவும் எந்த எடுப்புல? அதச் சொல்லுங்க தம்பி" என்று எங்கள் கடை முதலாளி ஒரு நாள் மாலை கேட்டார். (எடுப்பு என்பது செடியில் காய் பறிக்கும் ஒரு சுற்று.) ஆறு பருவங்களின் கணக்கு முழுவதும் என் மேசையிலேயே இருந்தும் எனக்கு விடை சொல்ல வரவில்லை. போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் கடை எங்களுடையது. மலைக்கு மேலே பூப்பாறைப் பக்கம் முதலாளிக்குச் சிறிய தோட்டமும் உண்டு. விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியாகக் கேரளத்துக்குள் போய் வேலை செய்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் இறங்கிவரும் ஆட்கள் எடுத்த காய், அங்கேயே ஸ்டோரில் உலர்ந்து, மூட்டையாகி எங்களிடம் வரும். அதில் ஒரு பகுதி மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்துக்குப் போகும். மற்றது கடையிலேயே நேரடியாக விற்கும். மாதம் ஒரு கோப்பாக எழுபத்திரண்டு கோப்புகள் விரிதாளில் கிடந்தன. அவற்றை ஒன்றாக்கிக் கேள்வி கேட்பதற்காகத்தான் ஆர் என்ற நிரல் மொழியையும், அதில் அட்டவணைகளைக் கையாள உதவும் டேட்டா.டேபிள் என்ற தொகுப்பையும் கற்றுக்கொண்டேன். ஒரு பருவம் முழுக்கப் பயன்படுத்திய பிறகே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

முதலில் மொழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய ஆர், பெல் ஆய்வகத்தில் பிறந்த எஸ் என்ற பழைய மொழியின் வழியில் வந்தது. அதன் 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வெளியானது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அட்டவணை என்பது இந்த மொழியில் பின்னால் ஒட்டவைத்த வசதியாக இல்லாமல் தொடக்கத்திலிருந்தே அதன் உடம்பில் இருக்கிறது. ஒரே நீளமுள்ள பல நெடுவரிசைகளைச் சேர்த்துக் கட்டிய பட்டியலுக்கு டேட்டா ஃபிரேம் என்று பெயர். ஒவ்வொரு நெடுவரிசையிலும் ஒரே வகைச் சரக்குதான் இருக்க முடியும். விரிதாளில் விலைக் கட்டத்துக்குள் "பிறகு" என்று எழுதிவைத்துவிட்டு மறந்துபோகும் பழக்கம் இங்கே முதல் நாளிலேயே பிடிபட்டுவிடும், ஏனென்றால் அந்த ஒரு சொல்லால் விலை நெடுவரிசை முழுவதும் எண்ணாக இல்லாமல் எழுத்தாகிவிடும். மேட் டவ்ல் தொடங்கி, பின்னர் அருண் ஸ்ரீநிவாசன் முதலியோர் சேர்ந்து வளர்த்த டேட்டா.டேபிள், இந்த டேட்டா ஃபிரேமின் மேலேயே கட்டப்பட்டது. 2006 முதல் கிடைக்கிறது. இதிலிருந்த வரிசைப்படுத்தும் முறை பிற்பாடு 2016இல் வெளியான ஆர் 3.3.0 பதிப்பில் மூல மொழிக்குள்ளேயே எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதை, இத்தொகுப்பின் தரத்துக்கு நான் மதிக்கும் சான்றாகச் சொல்வேன்.

இதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் வேகத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். கோடிக்கணக்கான வரிகளை எத்தனை நொடியில் கூட்டியது என்ற ஒப்பீடுகள் ஏராளமாக உள்ளன. அவை பொய்யும் அல்ல. ஆனால் ஆறு பருவத்துக் கணக்கும் சில பத்தாயிரம் வரிகளுக்குள் அடங்கிவிடும் என்னைப் போன்றவனுக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை, ஏனென்றால் அந்த அளவை ஆரின் சாதாரண அட்டவணையே கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். எனக்கு முதலில் பயன்பட்டது வேறொரு குணம். இது ஆர் மொழியைத் தவிர வேறு எந்தக் கூடுதல் தொகுப்பையும் எதிர்பார்ப்பதில்லை. தோட்டத்து அலுவலகத்தில் கைப்பேசிச் சமிக்ஞை மழைக்காலத்தில் வருவதும் போவதுமாக இருக்கும். அங்குள்ள பழைய மடிக்கணினிக்கு இதைப் பென் டிரைவில் ஒரே கோப்பாகக் கொண்டுபோய் நிறுவினேன். இதன் போட்டியாளரான டிப்ளையர், வாசிக்க இனியது என்றாலும், தன்னோடு வேறு பல தொகுப்புகளையும் கூட்டிக்கொண்டு வரும். போடியில் உட்கார்ந்திருக்கும்போது அது பெரிதில்லை, பூப்பாறையில் பெரிது.

கோப்புகளைப் படிக்கும் எஃப்ரீட் என்ற ஆணை இத்தொகுப்பின் வாசற்படி. மதிப்புகளைப் பிரிப்பது காற்புள்ளியா, தாவல் இடைவெளியா என்பதைத் தானே கண்டுபிடிக்கும். பெரிய கோப்பாக இருந்தால் நூறு இடங்களில் நூறு நூறு வரிகளைச் சோதித்து, எந்த நெடுவரிசை எண், எது எழுத்து என்று முடிவு செய்யும். நன்றாகத்தான் செய்கிறது, ஆனால் நம் ஊர் எழுத்துமுறை அதற்குத் தெரியாது. 2020-08-14 என்று ஆண்டு முன்னால் வரும்படி எழுதினால் தேதி என்று புரிந்துகொள்ளும். நாம் எழுதும் 14-08-2020 என்பதை வெறும் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். 1,25,000 என்று காற்புள்ளியிட்ட தொகையும் எழுத்தாகிவிடும். லாட் எண் (ஏலத்துக்கு வைக்கும் ஒவ்வொரு தொகுதிக்கும் உள்ள எண்) 007 என்று இருந்தால், தனியாகச் சொல்லாதவரை, முன்னால் உள்ள பூச்சியங்களைத் தின்றுவிட்டு 7 என்று படிக்கும். எங்கள் கணக்கில் லாட் எண்ணை வைத்துத்தான் ரசீதைத் தேட வேண்டும் என்பதால் இதைச் சரிசெய்யவே எனக்கு ஒரு நாள் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் மாற்று வழி உண்டு. அது கையேட்டிலும் இருக்கிறது. ஆனால் பூச்சியம் காணாமல் போனதை அது சொல்லாது, நாம்தான் கவனிக்க வேண்டும்.

எழுபத்திரண்டு கோப்புகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்க ஆர்பைண்ட்லிஸ்ட் என்ற ஆணை போதும். எந்த வரி எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதையும் தனி நெடுவரிசையாகக் குறித்துத் தரும். எனக்கு முன்னால் கணக்கெழுதியவர் "எடை" என்று தலைப்பிட்டிருந்தார்; நான் இரண்டாண்டுகள் "நிகர எடை" என்று இட்டிருந்தேன். இல்லாததை வெற்றாக நிரப்பிக்கொள் என்று நான் சொல்லியிருந்ததால், அது மறுபேச்சின்றி இரண்டு நெடுவரிசைகளை உண்டாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பகுதியை வெறுமையாக விட்டுவைத்தது. பிழை என் தலைப்பில்தான். என்றாலும் இத்தொகுப்பின் சுபாவம் அன்றே எனக்குப் புரிந்தது: சொன்னதைச் சத்தமில்லாமல் செய்யும் வேலையாள் இது, சொன்னது தவறாக இருந்தாலும் சத்தமில்லாமலேயே செய்யும்.

இனி இதன் மையத்துக்கு வருகிறேன். அட்டவணையின் பெயரை எழுதி, அதன் பக்கத்தில் ஒரு சதுர அடைப்பு. அதற்குள் காற்புள்ளியால் பிரித்த மூன்று இடங்கள்: எந்த வரிகள், அவற்றை வைத்து என்ன செய்ய வேண்டும், எதன்படி பிரித்துச் செய்ய வேண்டும். இவ்வளவுதான் இலக்கணம். ஏலம் போன லாட்டுகளை மட்டும் எடு, சராசரி விலையையும் மொத்த எடையையும் கணக்கிடு, பருவத்தின்படியும் எடுப்பின்படியும் பிரித்துக் கொடு என்ற மூன்று கட்டளைகளும் ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. விரிதாளின் பிவட் அட்டவணையில் இழுத்துவிட்டுச் செய்த வேலைதான் இதுவும். ஆனால் அங்கே நேற்று எதை எங்கே இழுத்தேன் என்பது இன்று தெரியாது, இங்கே அந்த ஒரு வரி கண்முன் நிற்கிறது, அடுத்த பருவத்துக்கும் அதையே ஓட்டலாம். ஏலக்காய்ப் பருவம் ஆகஸ்டில் தொடங்கி அடுத்த ஜூலையில் முடிவதால், மாதம் எட்டோ அதற்கு மேலோ ஆனால் அந்த ஆண்டு, இல்லையானால் முந்தைய ஆண்டு என்று ஒரு நெடுவரிசையை முதலில் சேர்த்துக்கொண்டேன்; அதற்கும் ஒரு வரிதான்.

சராசரியைப் பற்றி இங்கே நிறுத்திப் பேச வேண்டும், ஏனென்றால் கருவி எதுவானாலும் எங்கள் தொழிலில் கணக்கு வழுக்குவது இந்த இடத்தில்தான். நாற்பது கிலோ லாட் ஒன்று கிலோ 2,000 ரூபாய்க்கும், நானூறு கிலோ லாட் ஒன்று 1,500 ரூபாய்க்கும் போனதாக வைத்துக்கொள்வோம். விலை நெடுவரிசையை மட்டும் சராசரி கண்டால் 1,750 வரும். ஆனால் கைக்கு வந்த பணத்தை மொத்த எடையால் வகுத்தால் கிலோவுக்கு 1,545 ரூபாய் சொச்சம்தான். சதுர அடைப்பின் நடு இடத்தில் நான் எந்தக் கணக்குக் கோவையை எழுதினாலும் அதை அப்படியே கணக்கிடும் என்பதால், விலையையும் எடையையும் பெருக்கிக் கூட்டி, எடையின் கூட்டுத்தொகையால் வகுக்கச் சொல்வது இதில் எளிது. இன்னொரு கண்ணியும் உண்டு. விலை போதாதென்று நாங்கள் திரும்பப் பெற்ற லாட்டுகளுக்கு முன்னவர் விலைக் கட்டத்தில் பூச்சியம் போட்டிருந்தார். பூச்சியம் என்பது ஒரு விலை. "விலை இல்லை" என்பது வேறு. ஆர் மொழியில் இல்லாததைக் குறிக்கவே தனி அடையாளம் இருக்கிறது, அது கலந்த நெடுவரிசையைச் சராசரி கண்டால் விடையும் "இல்லை" என்றே வரும். தொடக்கத்தில் எரிச்சலூட்டும் இந்தப் பிடிவாதத்தை இப்போது நான் நேர்மை என்றே எடுத்துக்கொள்கிறேன். பூச்சியங்களையெல்லாம் அந்த அடையாளமாக மாற்றிய பிறகுதான் மூன்று எடுப்புகளின் சராசரி மேலேறி உண்மை நிலைக்கு வந்தது. 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை போன உச்ச விலையைப் போன்ற ஒற்றை லாட்டுகளை, சராசரியோடு குழப்பிக்கொள்ளாமல், அதே வரியில் உச்ச விலை என்று தனி நெடுவரிசையாகவும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இத்தொகுப்புக்கு நான் கொடுக்கும் மதிப்பில் பாதி, உருளும் இணைப்பு என்று சொல்லத்தக்க ஒரே வசதிக்கு உரியது. கடையில் நேரடியாக விற்ற காயை ஏலச் சராசரியோடு ஒப்பிட வேண்டும். ஆனால் நாங்கள் விற்ற நாளில் ஏலம் நடந்திருக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. விடுமுறை வரும், கடையடைப்பு வரும். இரண்டு அட்டவணைகளை ஒரு பொது நெடுவரிசையை வைத்துப் பொருத்தும் சாதாரண இணைப்பில் தேதி பொருந்தாத வரிகள் வெறுமையாகவே நிற்கும். ரோல் என்று ஒரு சொல்லைச் சேர்த்தால், அந்தத் தேதிக்கு முன்பு கடைசியாக நடந்த ஏலத்தின் விலையைத் தானே தேடி எடுத்துப் பொருத்துகிறது. ஏழு நாளுக்கு மேல் பழைய விலை வேண்டாம் என்று எல்லையும் கட்டலாம். விரிதாளில் இதே வேலையைச் செய்ய நான் எழுதிவைத்திருந்த சூத்திரம் ஒரு வரியைச் செருகினாலே குலைந்துபோகும். குறை என்றால் இதுதான்: இணைந்த பிறகு தேதி நெடுவரிசையில் நம் விற்பனைத் தேதிதான் தெரியும், எந்த ஏல நாளின் விலை வந்து ஒட்டியது என்பதைத் தனியாகக் கேட்டால்தான் காட்டும். தவிர, இணைப்பில் எந்த அட்டவணை அடைப்புக்கு வெளியே, எது உள்ளே என்பது முதல் மாதம் முழுக்க எனக்குத் தலைகீழாகவே இருந்தது. உள்ளே இருப்பதன் வரிகள்தான் விடையில் வரும் என்று ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிய பிறகே தெளிந்தது.

எல்லை ஊர்களில் கணக்கெழுதுபவர்களுக்கே உரிய தொல்லை ஒன்று இதற்கு நடுவே தலைகாட்டியது. எங்கள் அட்டவணையில் காய் வந்த ஊரின் பெயர் சில வரிகளில் தமிழிலும், மலைக்கு மேலிருந்து வந்த சில கோப்புகளில் மலையாளத்திலும் இருந்தது. அது எதிர்பார்த்ததே, ஊர்ப் பெயர்களுக்கு ஓர் ஒப்பீட்டு அட்டவணை தயாரித்து இணைத்தேன். ஆனால் தமிழிலேயே "போடி" என்று எழுதிய சில வரிகள் "போடி"யோடு பொருந்த மறுத்தன. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. ஒன்றில் ஓகார உயிர்க்குறி ஒரே குறியீடாகவும், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பில் இரட்டைக் கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் இரண்டு குறியீடுகளாகவும் இருந்தன என்பதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. டேட்டா.டேபிள் எழுத்துகளை இப்படி ஒழுங்குசெய்து தருவதில்லை. ஸ்ட்ரிங்கி என்ற வேறொரு தொகுப்பின் உதவியோடு எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்தேன். மலையாளத்துக்கு அதுவும் போதாது. வண்டன்மேடு என்பதன் மலையாள வடிவில் வரும் சில்லெழுத்துக்கு (உயிர் சேராத மெய்க்கு மலையாளத்தில் உள்ள தனி வடிவம்), எழுத்துகளுக்கு எண் தரும் பொதுமுறையான யூனிகோட், 2008இல் வந்த 5.1 பதிப்பில் தனிக் குறியீடு கொடுத்தது. பழைய முறையில் அது மூன்று குறியீடுகளின் கூட்டு. இவ்விரண்டையும் அந்த ஒழுங்குமுறை ஒன்றாக்காது, கையால்தான் மாற்ற வேண்டும். இத்தகைய பெயர்களைக் கண்டுபிடிக்க டேட்டா.டேபிளில் நல்ல வழி ஒன்று உண்டு: இணைப்பில் உள் அட்டவணைக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி இட்டால், பொருந்தாத வரிகள் மட்டும் வெளியே வரும். ஒவ்வோர் இணைப்புக்கு முன்பும் இதை ஒருமுறை ஓட்டிப் பார்க்காதவர் தம் கணக்கை நம்பக்கூடாது என்பேன்.

எழுத்து வரிசையிலும் அதற்கு நம் அகரவரிசை தெரியாது. யூனிகோட் எண்களின் வரிசையிலேயே அடுக்குகிறது. அதனால் ஆனவிலாசம் முன்னாலும் ஆமையார் பின்னாலும் வரும். நம் வரிசையில் னகரம் கடைசி மெய். கணக்குக்குக் கேடில்லை, ஆனால் அச்சிட்டுக் கொடுத்தால் முதலாளியின் கண்ணில் முதலில் படுவது அதுதான். விண்டோசில் தமிழ் எழுத்துகளே குறியீட்டுக் குப்பையாகத் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. 2022இல் வந்த ஆர் 4.2.0 பதிப்பு முதல் புதிய விண்டோசில் அந்தத் தொல்லை இல்லை. பழைய பதிப்பை வைத்துக்கொண்டு இத்தொகுப்பைத் திட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விடமுடியாது. இதில் := என்ற குறியால் நெடுவரிசையைச் சேர்த்தாலோ மாற்றினாலோ, அட்டவணையைப் படியெடுக்காமல் இருந்த இடத்திலேயே மாற்றுகிறது. நினைவகம் மிச்சமாகும், அதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். நான் மூல அட்டவணைக்கு இன்னொரு பெயர் வைத்துவிட்டு, அது தனிப் படி என்று நம்பி, அந்தப் புதிய பெயரில் விலைகளையெல்லாம் திருத்தினேன். மூலமும் சேர்ந்தே மாறிவிட்டது, ஏனென்றால் பெயர்தான் இரண்டு, அட்டவணை ஒன்றே. காப்பி என்ற ஆணையைத் தந்து உண்மையான படியெடுத்திருக்க வேண்டும். எழுபத்திரண்டு கோப்புகளும் வட்டில் தொடப்படாமல் இருந்ததால் பிழைத்தேன். மறுபடி படித்து அடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அந்த ஓர் இடத்தில் மட்டும் அதன் வேகத்துக்கு நன்றி சொன்னேன். சாதாரண டேட்டா ஃபிரேமில் பழகிய கைக்கு இந்தக் குணம் எளிதில் படியாது.

யாருக்கு இது வேண்டாம் என்றால், மாதம் இருபது வரி எழுதி ஒரு கூட்டுத்தொகை மட்டும் போடுபவர்களுக்கு வேண்டாம், விரிதாளே போதும். தாம் எழுதியதை வேறொருவரும் வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டிய அலுவலகங்களுக்கு டிப்ளையர் நல்லது, ஏனென்றால் டேட்டா.டேபிளின் ஒரு வரி ஆறு மாதம் கழித்து அதை எழுதியவருக்கே புதிர்போல நிற்கக்கூடும். நான் இப்போதெல்லாம் ஒவ்வொரு வரிக்கு மேலும் தமிழில் ஒரு குறிப்பு எழுதிவைக்கிறேன். பல ஆண்டுகளின் தேதியிட்ட விற்பனையும், அதோடு ஒப்பிட வேண்டிய வெளி விலையும், பழைய மடிக்கணினியும் கைவசமுள்ள எந்த மண்டிக் கணக்கருக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

முதலாளியின் கேள்விக்கான விடை கடைசியில் ஆறு வரிகளும் நான்கு நெடுவரிசைகளும் கொண்ட சிறு அட்டவணையாக வந்தது. அச்சிட்டுக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டு, "எடையச் சேத்துத்தான போட்டிருக்கீங்க தம்பி?" என்று மட்டும் கேட்டார்.